பேதி உப்பு: அருந்துமுன் சிறுநீரகத்தின் நிலையை அறிவோம்

மலச்சிக்கல் எவருக்கும் எப்போதாவது ஏற்படக்கூடிய ஒன்றாகும். நெடும் பயணம், உணவு மாற்றம், போதிய நீர் அருந்தாமை, நோன்பு மற்றும் விரத காலங்கள், நோயுற்றுப் படுக்கையில் கிடத்தல் என இதற்கான காரணங்கள் பலவாகும். எனினும், இதனைப் பிறரிடம் எடுத்துக்கூற நம்மவர்கள் கூச்சப்படுவதனால், வைத்தியரை நாடாது பாமசிக்குச் சென்று ஏதேனுமொரு பேதி மருந்தை வாங்கி அருந்துவதே பல இல்லங்களில் வழக்கமாக உள்ளது. அவ்வாறு வாங்கப்படுபவற்றுள் உப்பு வகைப் பேதி மருந்துகளும் அடங்கும். உரிய முறையில் பயன்படுத்தினால் இவை பெரும்பாலானோருக்குத் தீங்கற்றவையே. ஆயினும், ‘வெறும் உப்புத்தானே’ என்ற அலட்சியம் சிலருக்கு உயிராபத்தாக முடிந்துவிடலாம்.

முதலில், மலச்சிக்கல் என்பது யாது என்பதில் தெளிவு வேண்டும். நாள்தோறும் மலம் கழியாவிட்டால் உடலில் நஞ்சு சேர்ந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. உண்மையில் நாளொன்றுக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை மலம் கழிவது இயல்பானதே. அதற்குக் குறைவாகக் கழிவதும், மலம் இறுகி வேதனையுடன் வெளியேறுவதும், முற்றாகக் கழியவில்லை என்ற உணர்வு நீடிப்பதுமே மலச்சிக்கல் எனப்படும். எனவே ஒரு நாள் தவறியதும் மருந்தைத் தேடி ஓட வேண்டியதில்லை.

உப்பு வகைப் பேதி மருந்துகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. ‘மில்க் ஒஃப் மக்னீசியா’ எனப்படும் மகனீசியம் ஐதரொட்சைட்டு முதலாவது. ‘எப்சம் உப்பு’ எனவும் பேதி உப்பு எனவும் அறியப்படும் மகனீசியம் சல்பேற்று இரண்டாவது. சோடியம் பொசுபேற்று மூன்றாவது. இங்கிலாந்தின் எப்சம் என்னும் ஊரின் ஊற்று நீர் பதினேழாம் நூற்றாண்டிலேயே பேதிக்காகப் புகழ்பெற்றிருந்தது. அந்த ஊரின் பெயரே உப்புக்கும் நிலைத்துவிட்டது. நமது முன்னோர் பயன்படுத்திய ஆமணக்கெண்ணெயும் நிலாவாரையும் குடலைத் தூண்டி இயங்கச் செய்பவை. உப்பு வகை மருந்துகளின் செயற்பாடு இவற்றிலிருந்து வேறுபட்டது.

இந்த உப்புகளைக் குடல் முழுமையாக உறிஞ்சிக்கொள்வதில்லை. குடலிலே தங்கிவிடும் உப்பு, பாடசாலையில் நாம் கற்ற பிரசாரணம் என்னும் முறைப்படி, நீரைத் தன்பால் ஈர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் மலம் இளகிப் பருத்துக் குடலை அசையச் செய்கிறது. அரை மணித்தியாலம் முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் பேதி உண்டாகும். இவ்விளக்கத்திலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. ஒன்று, வெளியேறும் நீர் நம் உடலுக்குரிய நீரே என்பதாகும். மற்றையது, உப்பின் ஒரு பகுதி குருதியில் கலக்கவே செய்யும் என்பதாகும். அவ்வாறு கலந்ததை வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகங்களுடையது. இம்மருந்தின் பாதுகாப்பு முழுவதும் இவ்விரண்டிலேயே தங்கியுள்ளது எனலாம்.

நீரைப் பொறுத்தவரை விதி எளிதானது. மருந்துடன் ஒரு பெரிய குவளை நீர், அதாவது ஏறக்குறைய 240 மில்லி லீற்றர் அருந்த வேண்டும். அன்றைய தினம் முழுவதும் தாராளமாக நீராகாரம் கொள்ள வேண்டும். ஐந்து மில்லி லீற்றரில் 400 மில்லிகிராம் மகனீசியம் ஐதரொட்சைட்டு அடங்கிய கரைசலாயின், வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லி லீற்றர் வரை என்பதே பொதுவான அளவாகும். எனினும் செறிவு தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால், போத்தலில் எழுதப்பட்டுள்ள அளவையே பின்பற்றி, குறைந்த அளவில் தொடங்க வேண்டும். சமையலறைக் கரண்டியால் அளப்பதைத் தவிர்த்து அளவுக் குவளையைப் பயன்படுத்துவது நன்று. பயிர்களுக்கு இடுவதற்கும் குளியல் நீரில் கரைப்பதற்கும் விற்கப்படும் எப்சம் உப்பை ஒருபோதும் அருந்தலாகாது. பேதியாகவில்லை என்று அவசரப்பட்டு அதே நாளில் மற்றொரு வேளை மருந்து அருந்துவதும் தவறாகும்.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை கூடுதல் விழிப்பு தேவை. சிறுநீரகம் பழுதடைந்தவரது உடலில் மகனீசியம் தேங்கும்போது குமட்டல், மயக்க நிலை, தசைத் தளர்ச்சி, குருதியமுக்க வீழ்ச்சி, சுவாசமும் இதயத் துடிப்பும் மந்தமடைதல் என்பன ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றலாம். ஜப்பானில் மலச்சிக்கலுக்குப் பரவலாகப் பயன்படும் மகனீசியம் ஒட்சைட்டினால் இத்தகைய பாதிப்புகளும் மரணங்களும் நேர்ந்ததையடுத்து, 2008ஆம் ஆண்டிலும் மீண்டும் 2015ஆம் ஆண்டிலும் அந்நாட்டு அதிகாரிகள் எச்சரிக்கை விடுத்தனர். முதியோர் குறித்து அவர்கள் சிறப்பாகக் கவலை தெரிவித்திருந்தனர்.

இலங்கையில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா உள்ளிட்ட அயற் பிரதேசங்களிலும் காணப்படுகின்றது. இதற்கு அப்பால் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் நாடெங்கும் சிறுநீரகங்களைப் பாதித்து வருகின்றன. சிறுநீரக நோய் முற்றும் வரை பெரிதாக அறிகுறி எதனையும் காட்டாது. எனவே, ‘எனக்கு அந்த நோய் இல்லை’ என்று ஒருவர் உறுதியாகக் கூறுவதற்குக் குருதியில் கிரியற்றினின் அளவைப் பரிசோதித்திருக்க வேண்டும். நீரிழிவு, குருதியமுக்கம் உடையோரும் முதியோரும் இப்பரிசோதனையைச் செய்யாமல் உப்பு வகைப் பேதி மருந்தை நாடாதிருப்பதே விவேகமாகும்.

சோடியம் பொசுபேற்று மேலும் அவதானத்துக்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் ஒளடத நிர்வாகம் 2014ஆம் ஆண்டு விடுத்த எச்சரிக்கையின்படி, இதனை 24 மணித்தியாலத்துக்குள் ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தலாகாது. 55 வயதைக் கடந்தோர், உடலில் நீர் வற்றியோர், சிறுநீரக நோயாளர், குடல் அழற்சியுடையோர் ஆகியோர் வைத்தியரின் ஆலோசனையின்றி இதனை எடுக்கலாகாது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், எனலாபிரில், லொசாட்டன் போன்ற குருதியமுக்க மருந்துகள், இபுபுறோபன் போன்ற வலிநிவாரணிகள் ஆகியவற்றை உட்கொள்வோருக்கும் இது பொருந்தும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியர் கூறாமல் வாய்வழியாகக் கொடுக்கலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆசனவாய் வழியாகச் செலுத்துவது அறவே கூடாது.

மகனீசியம் ஏனைய மருந்துகளின் பயனைக் கெடுத்துவிடவும் கூடும். தைரொக்சின், இரும்புச் சத்து மாத்திரைகள், டெட்ராசைக்கிளின், சிப்ரொபுளொக்சசின் போன்றவற்றை இதனுடன் சேர்த்து உட்கொண்டால் அவை உடலில் சரிவரச் சேர மாட்டா. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டறிய வேண்டும். தைரொக்சினுக்கு நான்கு மணித்தியாலமாவது தேவைப்படும். கர்ப்பிணித் தாய்மாரும் இதய நோயாளரும் எந்தப் பேதி மருந்தையும் தாமாகத் தெரிவுசெய்யலாகாது.

நோன்பு காலம் தனியே நோக்கத்தக்கது. ரமழான் மாதத்தில் பகல் முழுவதும் நீர் அருந்தாதிருப்பதால் மலச்சிக்கல் தோன்றுவது உண்டு. இதற்காக ஸஹர் வேளையில் உப்புப் பேதியை அருந்துவோர், பகலில் வெளியேறும் நீரை ஈடுசெய்ய வழியின்றிக் களைத்துப் போவர். கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதங்களை நீராகாரமின்றி அனுட்டிப்போருக்கும் இந்நிலையே ஏற்படும். மருந்து தவிர்க்க முடியாததாயின், நோன்பு திறந்த பின்னர், இரவில் போதிய நீர் அருந்துவதற்கு நேரம் விட்டு எடுத்துக்கொள்வதே தகும்.

சில வேளைகளில் பேதி மருந்தே ஆபத்தாகிவிடும். கடும் வயிற்று வலி, வாந்தி, காய்ச்சல், வயிறு ஊதிக் காற்றும் பிரியாமை ஆகியன குடலடைப்பின் அல்லது குடல்வால் அழற்சியின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்நிலையில் பேதி கொடுப்பதைத் தவிர்த்து உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மலத்தில் குருதி, காரணமற்ற உடல் மெலிவு, நடுத்தர வயதுக்குப் பின் மலப் பழக்கத்தில் புதிதாக ஏற்படும் மாற்றம் ஆகியன பெருங்குடற் புற்றுநோயையும் குறிக்கலாம் என்பதால் பரிசோதனையைத் தாமதிக்கலாகாது.

எவ்வாறாயினும், ஒரு வாரத்துக்கு மேல் இம்மருந்தைத் தொடர வேண்டிய நிலை ஏற்படின் அது ‘எப்போதாவது’ வரும் மலச்சிக்கல் அன்று. உட்கொள்ளும் இரும்புச் சத்து மாத்திரையோ கொடீன் கலந்த மருந்தோ காரணமாக இருக்கலாம். தைரொயிட் குறைபாடாகவும் இருக்கலாம். காரணத்தைக் கண்டறியாமல் போத்தலை நாடுவது தீர்வாகாது. கீரை, பப்பாசிப்பழம், பருப்பு வகைகள், தீட்டாத அரிசி, போதிய நீர், அன்றாட நடை ஆகியவற்றால் சீராகும் மலச்சிக்கலே அதிகம். அவை பயனளிக்காதபோது உப்புப் பேதியை ஒரு வேளை பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால், வீட்டிலுள்ள முதியவருக்கு அதனைக் கொடுக்குமுன் அவரது சிறுநீரகங்களின் நிலை என்ன, அவர் உட்கொள்ளும் ஏனைய மருந்துகள் எவை என்ற இரு வினாக்களுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். விடை தெரியாதவிடத்து, வைத்தியரிடம் கேட்டறியும் வரை போத்தலைத் திறவாதிருப்பதே பாதுகாப்பானது.