திருமங்கலத்துப் பெண்களின் ஐம்பது கிராம்

வா கண்ணு, பக்கத்தில் உட்கார். "பள்ளிக்கூடத்தில் செய்த பொருள் விண்வெளிக்குப் போகுமா மாமா?" என்று கேட்டாயே, அந்தக் கேள்விக்கே உன் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும். போகும். போயிருக்கிறது!

மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம் இருக்கிறது. அங்குள்ள அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகள் பத்துப் பேர், விண்வெளிக்கு அனுப்புவதற்கென்றே ஒரு சின்னக் கருவியை உருவாக்கினார்கள். அவர்கள் மட்டுமில்லை. நாடு விடுதலை பெற்ற 75ஆம் ஆண்டையொட்டி, இந்தியா முழுவதும் 75 பள்ளிகளிலிருந்து 750 மாணவிகள் இந்த வேலையில் இறங்கினார்கள். சென்னையில் உள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு வழிகாட்டியது. எல்லாக் கருவிகளையும் சேர்த்து அடுக்கிய செயற்கைக்கோளுக்கு ஆசாதிசாட் என்று பெயர்.

அந்தக் கருவி ஒவ்வொன்றும் சுமார் 50 கிராம்தான். சின்ன சர்க்யூட் போர்டு, அதன்மேல் சிப், சென்சார். 75 கருவிகளையும் தராசில் வைத்தால் நாலு கிலோகூட வராது. செயற்கைக்கோளின் மொத்த எடை 8 கிலோ. மீதி எடை எதற்கு? பெட்டிக்கு, சூரியத் தகடுகளுக்கு, பேட்டரிக்கு, தகவல் அனுப்பும் ரேடியோவுக்கு.

இப்போது ஒரு முக்கியமான சங்கதி. வெப்பத்தை அளக்கும் சென்சார் ஒன்றை எடுத்துக்கொள். சில பொருள்களில் சூடு ஏற ஏற மின்சாரம் சுலபமாக ஓடும். குளிர்ந்தால் தடை கூடும். எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று பார்த்தால், எவ்வளவு சூடு என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் கருவிக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டுமே. எந்த எண்ணுக்கு என்ன பொருள், எப்போது அளக்க வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும் என்றெல்லாம் ஒருவர் வரிவரியாக எழுதித் தர வேண்டும். அதுதான் புரோகிராம். புரிகிறதா? இதை நன்றாகப் பிடித்துக்கொள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. மாணவிகள் பலர் ராக்கெட் ஏவும் தளமான ஸ்ரீஹரிகோட்டாவுக்கே வந்திருந்தார்கள். காலை 9.18 மணிக்கு, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் எஸ்எஸ்எல்வி ராக்கெட் ஆசாதிசாட்டைச் சுமந்துகொண்டு கிளம்பியது. 34 மீட்டர் உயரம் கொண்ட அந்த ராக்கெட்டுக்கு அதுதான் முதல் பயணம். முதல் மூன்று கட்டங்களும் ஒழுங்காக எரிந்து முடித்தன. ஆனாலும் செயற்கைக்கோள் நமக்குக் கிடைக்கவில்லை.

ஏன்? மாங்காய் அடிக்கக் கல் எறிவாய் அல்லவா? மெதுவாக எறிந்தால் மரத்தடியிலேயே விழும். ஓங்கி எறிந்தால் வேலிக்கு அப்பால் விழும். இன்னும் இன்னும் வேகமாக எறிய முடிந்தால்? பூமி உருண்டை. கல் கீழே விழ விழ, தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகும். கல் தரையைத் தொடவே தொடாது, சுற்றிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் சுற்றுவது இப்படித்தான். அதற்கு ஒரு விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகம் வேண்டும்.

அன்றைக்கு அந்த வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் குறைந்தது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியது நீள்வட்டமாகிவிட்டது. பாதையின் ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அங்கே காற்று உண்டு கண்ணு. நமக்கு மூச்சுவிடப் போதாத மெல்லிய காற்று. ஆனால் அத்தனை வேகத்தில் வரும் பொருளை இழுத்துப் பிடிக்க அது தாராளமாகப் போதும்.

வேகம் ஏன் குறைந்தது? செய்தித்தாள்களில் தோல்வி என்ற செய்தி பெரிதாக வந்தது. எனக்கு அதைவிடப் பெரிய செய்தி, இஸ்ரோ பிறகு கண்டுபிடித்துச் சொன்ன காரணம்தான். இரண்டாம் கட்டம் கழன்று பிரிந்த நொடியில் ராக்கெட்டில் ஓர் அதிர்வு உண்டானது. வேகம் எப்படி மாறுகிறது என்று அளக்கும் சென்சார்களை அது உலுக்கிவிட்டது. வந்த எண்களைப் பார்த்த கணினி, சென்சார்கள் கெட்டுப்போய்விட்டன என்று முடிவுகட்டி, மாற்று வழிக்குத் தாவிவிட்டது. கடைசியில் வேகத்தைச் சரிசெய்ய வேண்டிய குட்டி எஞ்சினின் உதவி கிடைக்காமலே போயிற்று.

பார்த்தாயா? உண்மையில் சென்சார் எதுவும் கெடவில்லை. கணினிக்கு எழுதிக் கொடுத்திருந்த விதிதான் அவசரப்பட்டது. திருமங்கலத்துப் பிள்ளைகள் தங்கள் சின்ன போர்டில் பழகிய அதே விஷயம், பெரிய ராக்கெட்டிலும் முன்னால் வந்து நின்றது!

விஞ்ஞானிகள் இரண்டையும் திருத்தினார்கள். கட்டம் பிரியும்போது அதிர்வு குறையும்படி அமைப்பை மாற்றினார்கள். சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன் கணினி இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும்படி விதியை மாற்றி எழுதினார்கள். அதே 750 மாணவிகளின் உழைப்பில் ஆசாதிசாட் 2 தயாரானது. இதன் எடை 8.7 கிலோ.

2023 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை. மறுபடியும் காலை 9.18 மணிக்கு எஸ்எஸ்எல்வி கிளம்பியது. சுமார் கால் மணி நேரத்தில், 450 கிலோமீட்டர் உயரத்தில், குறித்த பாதையில் செயற்கைக்கோள் பிரிந்து நின்றது. அந்தப் பிள்ளைகள் எப்படித் துள்ளியிருப்பார்கள்!

அந்த உயரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 94 நிமிடம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் பாதை கொஞ்ச தூரம் வெயிலில் போகும், கொஞ்ச தூரம் பூமியின் நிழலில் போகும். காலை வழிபாட்டு மணி அடிக்கும்போது நீ எண்ணத் தொடங்கினால், மாலையில் வீட்டு மணி அடிப்பதற்குள் அந்த உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் நான்கு சுற்று முடித்திருக்கும். ஒரே பள்ளி நாளில் நான்கு பகல், நான்கு இரவு! வெப்பத்தை அளக்கும் கருவிக்கு அங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை.

சரி, பென்சிலை எடு. திங்கள் காலை ஒன்பதரை மணி முதல் வெள்ளி மாலை நான்கு மணி வரை, இடையில் வரும் இரவுகளையும் சேர்த்து, எத்தனை சுற்று வரும்? அறுபதுக்கு மேல் வந்தால் நீ சரியான வழியில் போகிறாய். கணக்கைப் போட்டு எனக்கு எழுது.