வெளுத்த வஸ்திரமும் வெளுக்காத இருதயமும்



மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில், வெளி என்னும் பகுதியில் ஒரு சலவைக்கூடம் உண்டு. ‘தோபி கானா’ என்று ஊரார் அதை அழைக்கிறார்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தமிழ் நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் குடும்பங்களின் சந்ததியார் இன்றும் அங்கே உழைக்கிறார்கள். இப்போதுள்ள கூடம் 1976-ல் கட்டப்பட்டது. துணியைக் கல்லில் அடித்து, அலசி, கஞ்சியிட்டு, முறுக்கிய கயிறுகளின் இடுக்கில் அதன் முனையைச் செருகி வெயிலில் உலர்த்துகிறார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மைப் போன்ற தமிழருக்கு, அந்த வெள்ளைத் துணி வரிசைகள் சொந்தக்காரரைக் கண்டதுபோல ஒரு ஆறுதலைத் தருகின்றன.

சலவைத் தொழில் அறிந்தவர்களுக்கு ஒரு காரியம் நன்றாகத் தெரியும். கறை போகாத துணியின்மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டக்கூடாது. ஓட்டினால் சூட்டில் அந்தக் கறை நூலுக்குள் இறங்கி நிலைத்துவிடும். மடித்து வைத்தால் துணி அழகாகத்தான் இருக்கும். விரித்துப் பார்க்கும் நாளில்தான் உண்மை தெரியும்.

பிரியமானவர்களே, நாமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெள்ளை வஸ்திரம் உடுத்தி ஆராதனைக்குச் செல்லுகிறவர்கள். கறையைப் போக்காமல் மடிப்பை மட்டும் சரிசெய்துகொண்டு எத்தனை வாரம் தேவ சமுகத்தில் நின்றிருக்கிறோம்? மிகுந்த சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் அக்கிரமத்தின் கறை தமக்கு முன்பாக மறையாதென்று தேவன் எரேமியாவின் மூலமாகத் தம்முடைய ஜனத்திற்கு உணர்த்தினார் (எரேமியா 2:22). அந்த வார்த்தை இன்று நமக்கும் உரியது.

பாய்மரத்தில் சிலுவை

மாய்மாலம் என்றால் என்னவென்று அறிய விரும்புகிறவர்களுக்குக் கொச்சியின் சரித்திரமே ஒரு பாடப்புத்தகம். ஃபோர்ட் கொச்சியிலுள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தில், வாஸ்கோ ட காமா அடக்கம்பண்ணப்பட்டிருந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். அவர் கொச்சியிலே 1524-ம் ஆண்டு டிசம்பர் 24-ம் தேதி மரித்தார். உலகமெங்கும் கிறிஸ்துவின் பிறப்பைக் கொண்டாட ஆயத்தமாகும் நாள் அது. 1539-ல் அவருடைய எலும்புகள் போர்த்துகலுக்குக் கொண்டுபோகப்பட்டன.

அவருடைய கப்பல்களின் பாய்களில் சிலுவை அடையாளம் தீட்டப்பட்டிருந்தது. ஆனால் 1502-ம் ஆண்டில், மக்காவுக்குப் புனித யாத்திரை சென்று திரும்பிய ஒரு கப்பலை அவருடைய படை மலபார்க் கடலில் வழிமறித்தது. அதிலே பெண்களும் பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். பொருள்களைப் பறித்துக்கொண்டபின், ஆட்களோடுகூட அந்தக் கப்பல் எரிக்கப்பட்டது. தாய்மார் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரக்கத்துக்காகக் கெஞ்சினார்கள் என்று, அந்தப் பயணத்தில் உடனிருந்த போர்த்துகீசியர் ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய இருபது சிறுவர்கள் மாத்திரம் தப்புவிக்கப்பட்டுக் கிறிஸ்தவர்களாக்கப்பட்டார்கள்.

பாயிலே சிலுவை; பாயின் கீழே நெருப்பு. புறஜாதியாருக்குள்ளே தேவனுடைய நாமம் எப்படித் தூஷிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

கயிற்றைப் பிடித்த கைகள்

மட்டாஞ்சேரியிலே இன்னொரு நினைவிடமும் உண்டு. 1653-ம் ஆண்டு ஜனவரி 3-ம் தேதி, போர்த்துகீசிய சபை அதிகாரிகளின் கெடுபிடிகளால் மனம் கசந்துபோன மலபார் சுரியானிக் கிறிஸ்தவர்கள் அங்கே திரளாகக் கூடினார்கள். இனி அவர்களுடைய அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதில்லை என்று ஒரு சிலுவையின் முன்பாகச் சத்தியம்பண்ணினார்கள். கூட்டத்தின் மிகுதியால் எல்லாருக்கும் சிலுவையைத் தொட முடியவில்லை. ஆகவே அதிலே நீண்ட கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பிடித்துக்கொண்டு ஆணையிட்டார்கள் என்றும், அவர்கள் இழுத்த இழுப்பில் சிலுவையே வளைந்துபோயிற்று என்றும் பாரம்பரியம் சொல்லுகிறது. அதினாலேயே ‘கூனன் குரிசு’ என்று பெயர் வந்தது.

அவர்களுடைய மனவேதனை உண்மையானது, துணிவும் உண்மையானது. ஆனாலும் அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் ஒரே கயிற்றைப் பிடித்த ஜனம் இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் சரியென்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. கூட்டத்தோடு நின்று ஆணையிடுவது எளிது. கூட்டம் கலைந்தபின் அதைக் காத்துக்கொள்வது அரிது. டிசம்பர் 31-ம் தேதி நள்ளிரவில், கண்ணீரோடு நாம் கையுயர்த்திச் செய்த பிரதிஷ்டைகள் எத்தனை? அவை ஜனவரி 3-ம் தேதி வரையிலாவது நின்றனவா?

அந்த மனுஷன் நீயே

இதுவரை வாசித்தபோது, “ஆம், அவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான்” என்று உங்கள் உள்ளம் சொல்லியிருக்கலாம். தாவீதும் அப்படியே சொன்னான். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய ஐசுவரியவானைக் குறித்துக் கேட்டபோது அவனுக்குக் கோபம் மூண்டது. அந்த மனுஷன் தானே என்று நாத்தான் தீர்க்கதரிசி விரல் நீட்டும்வரைக்கும் அவனுக்குத் தன் கறை தெரியவில்லை (2 சாமுவேல் 12). பிறர் பாவத்தின்மேல் வருகிற கோபம் மனந்திரும்புதல் அல்ல.

ஆகையால் நம்முடைய சொந்த வீட்டையும் பார்ப்போம். பெந்தெகொஸ்தே எழுப்புதலின் சரித்திரத்திலே ஒரு திறந்த கதவு உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைக் குறித்துச் சார்லஸ் பர்ஹாம் வேதபாடம் நடத்தினார். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் அதைக் கேட்க வந்தார். அவர் கறுப்பினத்தவர் என்பதால், வெள்ளையரோடு அறைக்குள் உட்கார இடமில்லை. கதவுக்கு வெளியே நடைக்கூடத்தில் உட்கார்ந்து அவர் பாடம் கேட்டார். அந்தச் சீமோரைக்கொண்டே 1906-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் அசுசா வீதியில் கர்த்தர் எழுப்புதலை அனுப்பினார். அங்கே வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாய் முழங்காலிட்டார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்குள் மறுபடியும் நிறத்தின்படி சபைகள் பிரிந்தன. 1994-ம் ஆண்டு மெம்பிஸ் நகரிலே, வெள்ளைப் போதகர் ஒருவர் கறுப்பினப் பேராயரின் கால்களைக் கண்ணீரோடு கழுவி மன்னிப்புக் கேட்டார். வெள்ளையர் மாத்திரமே கொண்டிருந்த ஐக்கியம் கலைக்கப்பட்டு, இரு திறத்தாரும் சேர்ந்த புதிய ஐக்கியம் தொடங்கிற்று. அந்தக் கதவைக் கடந்து உள்ளே வர ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் சென்றன.

நம் கதவு எங்கே இருக்கிறது? ஞாயிறு ஆராதனையில் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம். “நாம் எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று” என்று சாட்சி சொல்லுகிறோம். ஆனால் மகனுக்குப் பெண் தேடும்போது, “இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற” என்று எழுதி, அடுத்த வரியிலேயே ஜாதியின் பெயரையும் எழுதுகிறோமே! இரத்தத்தால் மீட்கப்பட்டோம் என்று பாடுகிற வாய், எந்த இரத்தம் என்று விசாரிக்கலாமா?

நகரத்தில் யாருக்குத் தெரியும்?

ஊரைவிட்டு நகரத்தில் வாழுகிற நமக்குச் சத்துரு விரிக்கும் தனிப்பட்ட கண்ணி ஒன்று உண்டு. சொந்த ஊரில் நம் தகப்பனையும் பாட்டனையும் அறிந்தவர்கள் இருந்தார்கள். தவறு செய்தால் தெருவே கேட்கும். நகரத்திலோ பக்கத்து வீட்டுக்காரருக்கும் நம் பெயர் தெரியாது. ஆகவே சபைக்கு ஒரு முகம், வேலைத்தலத்துக்கு ஒரு முகம், ஊருக்கு ஒரு முகம் என்று மூன்று முகங்களோடு பல வருஷங்கள் வாழ்ந்துவிட முடியும்.

ஒரு சகோதரனை நினைத்துப் பாருங்கள். ஊரில் மளிகைக்கடைப் பாக்கியைத் தீர்க்காமல் இரவோடிரவாக ரயில் ஏறினார். இங்கே வந்து இரட்சிக்கப்பட்டார், ஞானஸ்நானம் பெற்றார், இன்று பாடல் நேரத்தை நடத்துகிறார், தசமபாகமும் தவறுவதில்லை. ஆனால் அந்தக் கடைக்காரரின் பழைய கணக்குப் புத்தகத்தில் அவருடைய பெயர் இன்னும் அழிக்கப்படவில்லை. அந்தக் கடைக்காரரிடம் போய் இவர் பாடும் பாடலைக் குறித்துச் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? வீட்டுவேலை செய்யும் ஏழைப் பெண்ணின் கூலியை மாதக் கணக்காக நிறுத்திவைத்துவிட்டு உபவாச ஜெபத்துக்குச் செல்லும் சகோதரி உண்டானால், அந்தக் கூலியே கூக்குரலிடுகிறதென்று யாக்கோபு எழுதியதை (யாக்கோபு 5:4) அவர்கள் வாசிக்கட்டும்.

விதவையின் பணம்

மெய்யான மனந்திரும்புதல் எப்படிப்பட்டது? 1907-ம் ஆண்டு ஜனவரியில் கொரியாவின் பியோங்யாங் நகரில் நடந்ததை மிஷனெரி ஜோனத்தான் கோஃபோர்த் எழுதியிருக்கிறார். ஒரு வாரமாகக் கூட்டங்கள் நடந்தும் தடை நீங்கவில்லை. அப்பொழுது சபையில் மிகவும் மதிக்கப்பட்ட மூப்பர் கில் சுன்ஜு எழுந்து நின்று, நான் ஒரு ஆகான் என்று அறிக்கையிட்டார். மரித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் தம் மனைவிக்காக ஆஸ்தியை நிர்வகிக்கும்படி அவரிடம் ஒப்புவித்திருந்தார். அதிலே நூறு டாலரை அவர் தமக்கென்று எடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையிலேயே அந்த விதவைக்கு அதைத் திருப்பிக் கொடுப்பேன் என்று சபைக்கு முன்பாகச் சொன்னார். அந்த இரவிலே தடை உடைந்தது. ஜனங்கள் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டார்கள்.

கவனியுங்கள், அவர் “ஆண்டவரே, நான் பாவி” என்று பொதுவாகச் சொல்லி அமரவில்லை. எவ்வளவு, யாருடையது, எப்பொழுது திருப்பிக் கொடுப்பேன் என்ற மூன்றையும் சொன்னார். சகேயுவும் அப்படியே செய்தான் (லூக்கா 19:8). மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனி எதுவென்று கேட்டவர்களுக்கு யோவான்ஸ்நானனும் சம்பளத்தையும், வரியையும், உடுப்பையும் குறித்தே பதில் சொன்னார் (லூக்கா 3:8-14). அநியாயமாய் எடுத்ததை ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டுமென்றும், உரியவர் இல்லாவிட்டால் என்ன செய்யவேண்டுமென்றும் நியாயப்பிரமாணமே வழிகாட்டியிருக்கிறது (எண்ணாகமம் 5:7-8).

இங்கே ஒரு எச்சரிப்பும் அவசியம். திருப்பிக் கொடுப்பதினால் மன்னிப்பை விலைக்கு வாங்க முடியாது. இயேசு கிறிஸ்துவின் இரத்தம் ஒன்றே பாவத்தைச் சுத்திகரிக்கும். ஆனால் மன்னிப்புப் பெற்ற கை, பிறருடைய பொருளைப் பிடித்துக்கொண்டிருக்காது. அன்றியும் எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் அறிக்கையிட வேண்டியதில்லை. யாருக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தோமோ, அவரிடத்தில் தனியே போகும்படிக்கே பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுப் போகச் சொன்னார் நம் ஆண்டவர் (மத்தேயு 5:23-24). சாட்சி சொல்லிப் பாராட்டுப் பெறுவதைவிட, ஒரு கதவைத் தட்டித் தலைகுனிந்து நிற்பது கடினம். ஆனால் ஆசீர்வாதம் அங்கேதான் இருக்கிறது.

இந்த வாரம் செய்யவேண்டியது

அருமையான தேவபிள்ளையே, இந்த மாதப் பத்திரிகையை மடித்து வைக்குமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கவேண்டிய கடன், கொடாமல் வைத்த கூலி, பேசாமல் விட்ட சகோதரன், பொய்யாய் எழுதிய கணக்கு, ஜாதியின் நிமித்தம் அடைத்த கதவு என்று ஆவியானவர் நினைப்பூட்டுகிறவற்றைப் பெயரோடு எழுதுங்கள். பிறகு அவற்றில் ஒன்றையாவது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குமுன் சரிசெய்யுங்கள். முழுத்தொகையும் கையில் இல்லாவிட்டால், முதல் நூறு ரூபாயை அனுப்பி, மீதிக்கு நாள் குறியுங்கள். தொலைபேசியில் அழைத்து, “அண்ணாச்சி, என்னை மன்னிக்கவேண்டும்” என்று சொல்லுங்கள்.

அதன்பின் அந்த வெள்ளை வஸ்திரத்தை உடுத்தி ஆராதனைக்கு வாருங்கள். அது அன்றைக்கு உண்மையாகவே வெண்மையாயிருக்கும்.

ஜெபம்: பரிசுத்தமுள்ள பிதாவே, நான் மடித்து மறைத்த கறைகளை உம்முடைய வெளிச்சத்தில் விரித்து வைக்கிறேன். உமது குமாரனின் இரத்தத்தினால் என்னைக் கழுவும். நான் வருத்தப்படுத்தினவரின் வாசலுக்குப் போகும் தாழ்மையைத் தாரும். ஒரே முகத்தோடு உமக்கும் மனுஷருக்கும் முன்பாக நடக்கக் கிருபை செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறேன், ஆமென்.