மனைவி படிக்க, கணவர் தூங்க...

பகல் மூன்று மணி. கடித வேலைகளை முடித்துக்கொண்டு கணவர் மாடிக்கு வந்து சோபாவில் சாய்கிறார். ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் மனைவி நாவலைப் பிரித்து உரக்கப் படிக்கிறார். கதாநாயகிக்குக் கஷ்டம் வருவதற்குள் இவருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது! நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சகோதரிகளே? புத்தகத்தை 'டப்'பென்று மூடிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவீர்கள்.

இந்த மனைவி அப்படிப் போகவில்லை. குரல் நின்றால் அந்த நிசப்தமே கணவரை எழுப்பிவிடுமோ என்று பயந்து, விடாமல் படித்துக்கொண்டே போனார். கண் விழித்த கணவருக்கோ, நடுவில் கொஞ்சம் கதை தப்பிப் போய்விட்டதே என்று வருத்தம்! இதையெல்லாம் எழுதிவைத்திருப்பவர் அவர்களுடைய மகன் பிரான்ஸிஸ்.

கணவர் வேறு யாருமல்ல. 1859-ல் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி எழுதி உலகத்தையே உலுக்கிய சார்ல்ஸ் டார்வின்தான். மனைவி எம்மா, அவருக்கு முறைப்பெண்; சொந்தத் தாய்மாமன் மகள். அவரைவிட ஒன்பது மாதம் மூத்தவர்கூட! 1839-ல் கல்யாணம். 1842-ல் இங்கிலாந்தின் கெண்ட் பிரதேசத்தில் டவுன் என்ற ஊரில் குடியேறினார்கள். (பெயர்தான் டவுன், ஊர் என்னவோ கிராமம்.)

டார்வினுக்கு ஓயாத உடல் உபாதை. செய்தித்தாளையும் விஞ்ஞான நூல்களையும் மட்டும் அவரே படிப்பார். நாவல், யாத்திரைக் கதை, சரித்திரம் எல்லாம் காதால் கேட்டதுதான். வால்டர் ஸ்காட், ஜேன் ஆஸ்டின், திருமதி காஸ்கெல் ஆகியோரின் நாவல்களை அந்த வீட்டில் அலுத்துப்போகும்வரை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார்கள். கதை சுபமாக முடிய வேண்டும் அவருக்கு. சோகமாக முடிப்பதற்கு எதிராக ஒரு சட்டமே கொண்டுவர வேண்டும் என்பது அவர் கட்சி. மனசார நேசிக்கத்தக்க ஒரு பாத்திரமாவது கதையில் இருக்க வேண்டும். அது அழகான பெண்ணாக இருந்துவிட்டால் இன்னும் விசேஷம்! கடைசிப் பக்கத்தை முதலிலேயே புரட்டிப் பார்ப்பது பெண்களுக்கே உரிய துர்க்குணம் என்றும் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தார். படித்தபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எம்மா தெய்வ நம்பிக்கை மிகுந்தவர். கணவருக்கோ அந்த நம்பிக்கை மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதிலேயே எம்மா தம் கவலையை ஒரு கடிதமாக எழுதி அவரிடம் கொடுத்தார். என்றென்றைக்கும் நாம் ஒருவருக்கொருவர் சொந்தம் என்பது இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் அந்தப் பெண்ணின் வேதனை. மனைவியைத் திருப்தி செய்வதற்காக டார்வின் நம்புவதுபோல் நடிக்கவில்லை. கடிதத்தை அலட்சியம் செய்யவும் இல்லை. தம் காலத்துக்குப் பிறகு மனைவி பார்க்கட்டும் என்று, அதைப் பல தடவை முத்தமிட்டுக் கண்ணீர் விட்டதாக அதிலேயே குறித்துவைத்தார். நடுவே 1851-ல் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் இருவரும் கடைசிவரை ஒன்றுபடவே இல்லை.

ஆனால் மூன்று மணி அடித்தால் நாவல்! மேலுலகத்தைப் பற்றி ஒத்துப்போகாதவர்கள், கதாநாயகி யாரைக் கட்டிக்கொள்வாள் என்று சேர்ந்து கவலைப்பட்டார்கள். ராத்திரி, பாக்காமன் என்னும் பகடை ஆட்டம் இரண்டு. 1876-ல் டார்வின் ஒரு நண்பருக்குப் பெருமையாகக் கணக்கு எழுதினார்: எம்மா ஜெயித்தது 2490, தாம் ஜெயித்தது 2795!

எம்மாவின் தொண்டைக்கு ஓய்வு கொடுக்க அன்று யந்திரம் கிடையாது. 1935-ல்தான் லண்டனில் 'பேசும் புத்தகங்கள்' வந்தன; முதல் உலக யுத்தத்தில் கண்ணிழந்த சிப்பாய்களை மனத்தில் வைத்துச் செய்தவை. ஒரு நாவலுக்குச் சுமார் பத்து இசைத்தட்டு. முதலில் வந்தவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை. கொலைகாரர் யார் என்று நான் சொல்ல மாட்டேன், டார்வினுக்குப் பிடிக்காது.

இன்றோ கையிலுள்ள போனே கதை படிக்கிறது. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் காத்திருந்து படித்த 'பொன்னியின் செல்வ'னை, கீரை ஆய்ந்துகொண்டே ஐந்து பாகமும் கேட்டுவிடலாம். ஆனால் ஆளுக்கொரு காதுக்கருவி மாட்டிக்கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரர் ஆபீஸ் போகும் பஸ்ஸிலேயே பத்து அத்தியாயம் முன்னால் ஓடிவிட்டு, ராத்திரி சாப்பிடும்போது ஆதித்த கரிகாலனுக்கு நேர்ந்ததைப் போட்டு உடைத்தார். பெண்களின் துர்க்குணமாம்!

இப்போது காதுக்கருவிகள் மேஜை அறைக்குள் போய்விட்டன. சமையலறை அலமாரியில் ஒரே ஒலிபெருக்கி. இத்தனை நிமிஷத்தில் நின்றுவிடு என்று போனுக்குச் சொல்லிவைக்க வசதி உண்டு. நான் அதைத் தொடுவதில்லை. ஊஞ்சலில் அவர் கண் அயர்ந்த பிறகும் கதை ஓடுகிறது. கேட்டபடி நான் சாமான்களை ஒழித்துவைக்கிறேன். மறுநாள் அவர் தவறவிட்ட இடத்திலிருந்து மறுபடியும். எனக்கு வந்தியத்தேவனின் குறும்புகள் இரண்டு தடவை.