மரத்துப்போகச் செய்யும் மருந்து: விலை ஏன் வேறுபடுகிறது?

வலியுள்ள இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், ஜெல், களிம்பு, ஊசி, ஒட்டுப்பட்டை எனப் பல வடிவங்களில் கிடைக்கிறது. வடிவம், செறிவு, அளவு, நிறுவனப் பெயர் ஆகியவற்றிற்கேற்ப விலையும் வேறுபடும்.

இதன் மேற்பூச்சும் ஊசியும் தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளன. இத்தகைய மருந்துகளுக்கு, 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, குறைந்தது 1 விழுக்காடு சந்தைப் பங்குடைய தயாரிப்புகளின் சராசரி விலையுடன் சில்லறை வணிகருக்கான 16 விழுக்காடு சேர்த்து உச்ச விலை வரையறுக்கப்படுகிறது. உறையில் அச்சிட்ட விலையில் வரியும் அடங்கும். அதற்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

செஞ்சி அரசு மருத்துவமனையில் இருப்பிலுள்ள மருந்துகள் கட்டணமின்றி வழங்கப்படும். வெளியே வாங்குவோர், பொதுப்பெயரில் எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்டு, முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விசாரிக்கலாம். ஆயினும், விலை குறைவென்று செறிவைத் தாமாக மாற்றவோ மிகுதியாகப் பூசவோ வேண்டா. இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலந்தால் இதயம் பாதிக்கப்படக்கூடும்.