துளை சொல்லும் வயது

டெட்ராய்ட் நகரில் மருந்துத் தொழில் நடத்திய ஃபிரெடரிக் ஸ்டேர்ன்ஸ் 1899-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கொடையாக அளித்த இசைக்கருவித் தொகுப்பில், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகர வணிகர் லியோபோல்டோ ஃபிரான்சியோலினியின் கைபட்ட கருவிகளும் கலந்திருக்கின்றன. சிதைந்த கருவிகளின் பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தி, இல்லாத அலங்காரத்தையும் பொய்யான பெயரையும் ஆண்டையும் ஏற்றி விற்ற இவர், 1910-இல் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். அதற்குள் இவர் விற்றவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகழ்பெற்ற தொகுப்புகளுக்குள் நுழைந்துவிட்டன.

இத்தகைய ஒட்டுவேலைக்கு மரத்தாலான ஊதுகருவிகள் எளிதில் இடம் கொடுக்கின்றன. பக்கவாட்டில் பிடித்து ஊதும் குழலும், நாகசுரத்தின் சீவாளியைப் போன்ற இரட்டை நாணல் பொருத்தி ஊதும் ஓபோவும் தனித்தனித் துண்டுகளாகக் கடையப்பட்டு, நூல் சுற்றிய முனைகளால் ஒன்றுக்குள் ஒன்று செருகப்படுபவை என்பதால், ஒருவர் செய்த தலைப்பகுதியும் இன்னொருவர் செய்த அடிப்பகுதியும் சேர்ந்து முழுக் கருவியாகத் தோற்றமளித்துவிடும். ஆகவே, கருவி அசலா போலியா என்ற கேள்வியை ஒவ்வொரு துண்டிடமும் தனியே கேட்க வேண்டியிருக்கிறது.

அப்போதும் அவசரம் ஆகாது. ஊருக்கு ஊர் சுருதி வேறுபட்ட 18-ஆம் நூற்றாண்டில், ஒரே குழலுக்கு வெவ்வேறு நீளமுள்ள பல நடுத்துண்டுகளைச் செய்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. அவற்றில் அடிக்கடி ஊதப்பட்டது தேய்ந்து கறுத்திருக்க, பெட்டியிலேயே கிடந்தது புதிதுபோல் இருக்கும் என்பதால், நிறவேறுபாட்டை மட்டும் கொண்டு ஒரு நல்ல குழலைப் பழிப்பது அநீதியாகும். மரத்தில் அழுத்திப் பதித்த தயாரிப்பாளரின் முத்திரையும் முடிவான சான்றன்று. அதைப் பின்னாளில் எவரும் பதித்திருக்கலாம்.

மரத்திலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து வயது காணும் முறை, ஏறத்தாழ 1650-க்குப் பிற்பட்ட பொருள்களுக்குத் துல்லியமான விடை தருவதில்லை; தவிர, அது மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமேயன்றி, கருவி கடையப்பட்ட காலத்தைச் சொல்லாது. உட்துளையோ அதையும் ஓரளவு சொல்லவல்லது. மரம் உலரும்போது ஆண்டு வளையங்களின் குறுக்கே சுருங்குவதைவிட வளையங்களின் போக்கில் கூடுதலாகச் சுருங்குவதால், வட்டமாகத் துளைத்த குழலின் உட்புறம் காலப்போக்கில் சற்றே நீள்வட்டமாகிவிடுகிறது. துளையின் விட்டத்தை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்தால் இந்த வேறுபாடு தெரியும். நன்கு உலராத புதுமரமும் இவ்வாறு கோணும் என்பதால் நீள்வட்டத்தைக் கண்டதும் பழமையை உறுதிசெய்துவிட முடியாது. எனினும், பழங்குழல் எனப்படும் ஒன்றில் மூன்று துண்டுகள் நீள்வட்டமாகியிருக்க, நான்காவது மட்டும் குறையற்ற வட்டமாக நின்றால், ஆராய்ச்சியாளர் முதலில் ஐயுற வேண்டியது அந்த நான்காவது துண்டைத்தான்.