லெம்பா மக்களின் தந்தைவழி

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில், ஜிம்பாப்வேயிலும் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்திலும் சிதறி வாழும் லெம்பா என்னும் ஜனங்கள், தோற்றத்தாலும் பாஷையாலும் தங்களைச் சூழ்ந்துள்ள ஷோனா, வெண்டா மக்களினின்று வேறுபட்டவர்கள் அல்லர். ஆயினும், பன்றி மாமிசத்தைத் தீண்டாமலும், தங்கள் இனத்தான் முறைப்படி அறுத்த பிராணியை அன்றிப் பிறிதை உண்ணாமலும், ஆண்மக்களுக்குச் சுன்னத்துச் செய்தும், பிறை காணும் நாளைப் புனிதமாகப் பாவித்தும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்திருக்கும் ஆசாரம் மிக்க வாழ்க்கை அயலாருக்கு ஆச்சரியம் அளித்து வந்தது. தங்கள் மூதாதையர் வடக்கே சேனா என்னும் நகரிலிருந்து கடல் கடந்து வந்த ஆடவர் என்பதும், அவர்கள் யூத தேசத்து வம்சத்தினர் என்பதும், பூபா என்னும் குலத்தார் அவர்களுக்கு முன்நின்று வழிகாட்டினர் என்பதும் லெம்பாக்கள் வாய்மொழியாகவே காத்து வந்த ஐதிகம்.

ஏட்டில் ஏறாத இத்தகைய ஐதிகங்களைப் படித்தவர்கள் எளிதில் மதிப்பதில்லை. டியூடர் பார்ஃபிட் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் மதித்தார். லெம்பாக்களிடையே தங்கி, அவர்கள் சொன்ன வழியைப் பின்பற்றி வடக்கு நோக்கிச் சென்ற அவர், ஏமன் தேசத்து ஹத்ரமௌத் பள்ளத்தாக்கில் சேனா என்ற பெயருள்ள ஊர் ஒன்றைக் கண்டார். அங்கே முன்னொரு காலத்தில் அணை உடைந்து ஜனங்கள் வெளியேறினர் என்ற கதையும் வழங்கி வந்தது. எனினும் பெயர் ஒற்றுமை மாத்திரம் நிரூபணம் ஆகிவிடாது. வேறொரு சாட்சி வேண்டியிருந்தது. அதை லெம்பா ஆடவரின் உடலே வைத்திருந்தது.

மனிதனுடைய உயிரணுவில் உள்ள குரோமோசோம்களில் ஒய் என்ற ஒன்று மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கே செல்வது. ஏனையவை தலைமுறைதோறும் தாயுடையதும் தந்தையுடையதுமாகக் கலந்து உருமாற, இதன் பெரும்பகுதி கலப்பின்றி அப்படியே இறங்கி வருகிறது. அபூர்வமாக எப்போதாவது அதன் மரபுக் குறியீட்டில் ஓரெழுத்து பிறழும். பிறழ்ந்த பின் அந்தப் பிழை அம்மனிதனுடைய ஆண் சந்ததி முழுவதற்கும் முத்திரையாகிவிடும். ஒரே முத்திரைகளைத் தாங்கிய இருவர், ஒருவர் இருப்பிடத்தை மற்றவர் அறியாதவராயினும், ஏதோ ஒரு காலத்து ஒரே தகப்பனின் வழியினர் என்று கொள்ளலாம்.

1996-ஆம் ஆண்டில் அமாண்டா ஸ்பர்டில், ட்ரெஃபர் ஜென்கின்ஸ் என்னும் இருவர் லெம்பா ஆடவரின் ஒய் குரோமோசோம்களைப் பரிசோதித்து, அவற்றில் ஏறக்குறையப் பாதி செமித்திய மூலத்தைச் சேர்ந்தவை என்று வெளியிட்டனர். பாமரர் என்று எண்ணப்பட்டவர்களின் நினைவு, பல நூற்றாண்டுகளைக் கடந்தும் அடிப்படையில் பிசகவில்லை என்பதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட அந்தத் தருணத்தை நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன்.

இதற்கிடையில் யூதர்களிடையே வேறொரு விசாரணை நடந்து கொண்டிருந்தது. கார்ல் ஸ்கொரெக்கி என்னும் சிறுநீரக வைத்தியர், தாமே கோஹன் எனப்படும் புரோகித வம்சத்தவர். ஆரோன் என்ற ஒரே முன்னோனிடமிருந்து தந்தைவழியாகவே இறங்குவது அந்தப் பதவி என்பது அவர்களுடைய சம்பிரதாயமாகையால், அச்சம்பிரதாயம் மெய்யானால் புரோகிதர்களின் ஒய் குரோமோசோமில் ஒற்றுமை இருந்தே தீர வேண்டும் என்று அவர் கருதினார். அவரும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்ட முடிவு அதனையே காட்டியது. மறு வருஷம், ஆறு அடையாளங்கள் அமைந்த ஒரு குறிப்பிட்ட தொகுதி புரோகிதரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இருப்பதாகவும் கண்டனர். 2000-இல் லண்டனைச் சேர்ந்த மார்க் தாமஸும் பார்ஃபிட்டும் பிறரும் அதே தொகுதியை லெம்பாக்களிடம் தேடியபோது, பொதுவாக நூற்றுக்கு ஒன்பது பேரளவில் காணப்பட்ட அது, பூபா குலத்தாரிடம் மட்டும் பாதிக்கு மேற்பட்டோரிடம் காணப்பட்டது. முன்நின்று வழிகாட்டியவர்கள் என்று ஐதிகம் எவரைச் சொன்னதோ, அவர்களிடமே!

ஆனால் ஆறு அடையாளங்கள் போதுமானவை அல்ல என்பது பின்னர் தெளிந்தது. அதே தொகுதி ஏமனியரிடமும் பிற அராபியரிடமும் கூடக் காணப்படுவதால், 2009-இல் அடையாளங்களைப் பன்னிரண்டாகப் பெருக்கித் தொகுதியின் வரம்பைக் குறுக்கினார்கள். அந்த நுண்ணிய அளவுகோலை ஹிம்லா சூட்யால் என்னும் தென்னாப்பிரிக்க விஞ்ஞானி லெம்பாக்களுக்குப் பிரயோகித்து 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஆப்பிரிக்கா அல்லாத தந்தைவழி அவர்களிடம் மிகுதியாக உண்டு என்பதை உறுதிப்படுத்தியதேயன்றி, அது யூதருடையது என்ற பழைய முடிவை ஆதரிக்கவில்லை. இந்து மகாசமுத்திரத்தில் வாணிகம் செய்த அராபியரும் அந்தத் தகப்பன்மாராக இருந்திருக்கலாம் என்ற சாத்தியமே மேலோங்கியது.

இதைக் கேட்டு லெம்பாக்களின் ஐதிகமே பொய்யாயிற்று என்று முழங்குவோரை நான் ஏற்க மாட்டேன். குரோமோசோம் ஓர் ஆடவனின் பிறப்பிடத்தை ஒருவாறு சுட்டலாம்; அவன் எந்தத் தெய்வத்தை வணங்கினான், எந்த வேதத்தை ஓதினான் என்பதைச் சொல்ல அதனால் இயலாது. மேலும், பத்துத் தலைமுறைக்கு முற்பட்ட நிலையில் ஒருவனுக்கு 1,024 முன்னோர் ஸ்தானங்கள் உண்டு. தந்தைவழிச் சோதனை அவற்றுள் ஒன்றே ஒன்றைத்தான் பேசுகிறது.

அந்த ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு உரியது. அந்நிய ஆடவனைத் தங்கள் சமூகத்தில் சேர்த்துக் கொள்ளாத லெம்பாக்கள், அந்நியப் பெண்ணை மட்டும் உரிய சடங்குகளுடன் ஏற்றுக் கொண்டனர். தாயிடமிருந்து மட்டுமே இறங்கும் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.-வைச் சோதித்தபோது, அது ஆப்பிரிக்க மண்ணுக்கே உரியதாக இருந்தது அந்த விதியின் விளைவுதான். கடல் கடந்து வந்த ஆடவரின் பாஷை மறைந்துபோக, லெம்பாக்கள் இன்று பேசுவது ஷோனாவும் வெண்டாவும். சேனா நகரத்தின் கதையைக்கூட அவர்கள் சொல்லி வருவது இந்தத் தாய்மாரின் பாஷையில்தான்.