தேயிலை லொறியில், விலை கிளவுட்டில்

கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டைப் பாதையில் ஏறினால் லூல்கந்துர தோட்டம் வரும். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கேதான் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வியாபாரத்துக்காகப் பயிரான முதல் தேயிலை அதுதான். அன்று தொடங்கிய இந்தத் தொழில் ஒருநாளும் ஓரிடத்தில் இருந்ததில்லை. கொழுந்து பறிப்பதும் தூளாக்குவதும் மலையில், களஞ்சியமும் தரகரும் கொழும்பில், குடிப்பவர் கடலுக்கு அப்பால். சிதறிக் கிடந்த இவர்களை ஒன்றாகக் கட்டிவைத்தது கொழும்பு ஏலம். அது 1883 ஜூலை 30-ஆம் திகதி ஆரம்பமானது.

அறையில் கூடி, வாய்விட்டு விலை கேட்டு, சுத்தியல் தட்டி முடிக்கும் அந்த முறை நூற்று முப்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் அறை மூடப்பட்டது. கொழுந்து ஊரடங்குக்குக் காத்திருக்காது, பறிக்காவிட்டால் முற்றிவிடும். விற்காத தேயிலை தேங்கினால் தோட்டத்தில் சம்பளம் கொடுக்கவும் சிறு தோட்டக்காரருக்குக் கொழுந்துப் பணம் கொடுக்கவும் காசு வராது. ஏப்ரல் 4-ஆம் திகதி ஏலம் முதன்முறையாக இணையத்தில் நடந்தது. நம் நாட்டுத் தொழில் வரலாற்றில் அந்த நாளுக்குரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

அறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால், யார் முந்தினார் என்பதைத் தரகரின் காது தீர்மானிக்கும். இணையத்தில் யார் தீர்மானிப்பது? ஒருவர் கண்டி வீட்டிலிருந்தும் மற்றவர் கொழும்பிலிருந்தும் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருடைய கணினிக் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போகா. அவற்றை நம்ப முடியாது. ஆகவே இத்தகைய மென்பொருள்களில் பொதுவாக எல்லா விலையும் ஒரு நடுச் சேர்வருக்குப் போகும். அங்கே வந்துசேரும் வரிசைதான் செல்லும்.

அந்தச் சேர்வர் சிங்கப்பூரில் இருந்தாலும் தூரம் பெரிய தடையல்ல. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். கேபிள் அப்படியே நேராகக் கிடந்தால் போய்த் திரும்ப 0.027 விநாடி போதும். உண்மையான தாமதம் மலைச்சரிவில் இருக்கிறது. சிக்னல் மங்கும்போது தகவல் துண்டுகள் தொலைந்துபோகும், மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டிவரும். கண்டிக்காரர் தோற்பது அந்தக் கடைசிச் சில கிலோமீற்றரில்தான்.

ஏலத்தைவிட வேறு வகையான வேலைகளும் உண்டு. கண்டியிலும் கம்பளையிலும் கடை வைத்திருப்பவர் ஒரே சரக்குப் பட்டியலை இரண்டு இடத்திலும் திறந்து வைக்கிறார். கண்டிப் பணியாளர் மூன்றாவது வரியில் புதிய பொருளொன்றைச் சேர்க்கிறார். அதே கணத்தில் கம்பளைப் பணியாளர் ஐந்தாவது வரியை நீக்குகிறார். ஆனால் மேலே ஒரு வரி நுழைந்ததால் பழைய ஐந்தாவது இப்போது ஆறாவது. கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் தவறான பொருள் அழியும். வந்த கட்டளையை, அதற்கு முன் நடந்த மாற்றத்துக்கேற்பத் திருத்தி, ‘ஆறாவதை நீக்கு’ என்று மாற்றிக்கொள்ளும் வழியை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்டார்கள். கூகுள் டொக்ஸ் போன்றவை இந்த வழியில் வந்தவை. இதனால்தான் இணைப்பு அறுந்த நேரத்தில் எழுதியதும் பிறகு ஒழுங்காகச் சேர்ந்துகொள்கிறது. பட்டியல் பத்து நிமிடம் பொறுக்கும். ஏலவிலை பொறுக்காது. தரவை இப்படித் தொலைவிலுள்ள சேர்வரில் வைக்கும் முறைக்கு, அதாவது கிளவுட்டுக்கு, மாற நினைக்கும் எந்த வியாபாரியும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்குக் கவலை தருவது. சேர்ந்து வேலைசெய்ய உதவும் அதே வசதி, சேர்ந்து இழக்கவும் வைக்கும். இங்கே வரியை அழித்தால் எல்லாத் திரையிலும் அழியும். 2023-இல் இலங்கை அரசின் கிளவுட் சேவையை, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச அலுவலக மின்னஞ்சல்கள் மீளவில்லை. பாதிக்கப்பட்ட முகவரிகள் சுமார் 5,000. மின்னஞ்சல் மென்பொருள் பழையது. அந்த மாதங்களுக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதியும் இல்லை. அரசுக்கே இந்தக் கதி என்றால், திகன வீதியில் சின்ன வியாபாரம் நடத்துபவர் எதை நம்பியிருப்பார்?

கிளவுட்டை விட்டு விலகச் சொல்லவில்லை. ஏலத்தைக் காப்பாற்றியதே அதுதான். ஆனால் மாதம் ஒருமுறையாவது உங்கள் கணக்குகளையும் வாடிக்கையாளர் பட்டியலையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, வயரைக் கழற்றி, கடைக்கு வெளியே வேறோர் இடத்தில் வையுங்கள். பிறகு அந்தப் பிரதியை உண்மையிலேயே திறந்து பாருங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.